கணினிவழி ஹை-ஃபை அமைப்பில் அடுத்து எதை மாற்றுவது?

மடிக்கணினி ஒன்று, அதன் யுஎஸ்பி துளையில் செருகிய டேக் ஒன்று, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து இரண்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள்: வீட்டில் நல்ல ஒலியில் இசை கேட்க விரும்பும் பலரும் இன்று தொடங்குகிற அமைப்பு இதுதான். கணினிக்குள் எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றித் தருவது டேக்கின் வேலை. அந்த மெல்லிய அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. சில மாதங்கள் கேட்டு, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்த பிறகு, அடுத்து எதை வாங்கலாம் என்ற கேள்வி எழுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் தம்மிடம் இருப்பில் உள்ளதைச் சொல்வார். நண்பரிடம் கேட்டால் தாம் கடைசியாக வாங்கியதைச் சொல்வார். இந்தக் கட்டுரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கப் போவதில்லை. உங்கள் அமைப்பில் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் செலவில்லாமல், வரிசையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையை மட்டுமே சொல்கிறது. இடம் தெரிந்துவிட்டால் வாங்க வேண்டிய பொருள் தானே தெரிந்துவிடும். எதையும் வாங்க வேண்டியதில்லை என்று தெரியவருவதும் உண்டு.

குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஒலி இன்னும் நன்றாக இருக்கலாம்" என்பது குறை ஆகாது. அதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. "பாடகரின் குரல் மிருதங்கத்தின் தொப்பி ஒலியில் அமுங்கிப் போகிறது", "வயலினை உச்சத்தில் வாசிக்கும்போது காது கூசுகிறது", "பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறது", "சத்தத்தைக் கூட்டினால் ஒலி கரகரத்து உடைகிறது" என்பவையே குறைகள். இப்படி ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், உண்மையில் உங்களுக்குக் குறை எதுவும் இல்லை, புதிய பொருள் வாங்கும் ஆசை மட்டுமே இருக்கிறது என்று பொருள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

வாக்கியத்தை எழுதுவதற்கு முன், நீங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய பதிவுகளில் மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்றில் தனிக் குரல் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்றில் தாழ்ந்த தாளவாத்திய ஒலியோ பாஸ் கிடாரோ தொடர்ந்து இருக்க வேண்டும். ஒன்றில் பல கருவிகள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு ஒலிப்பதிவுக் கூடங்களில், வெவ்வேறு காலங்களில் பதிவானவையாக இருப்பது நல்லது. ஒரு குறை மூன்றிலும் தெரிந்தால் அது உங்கள் அமைப்பின் குறை. ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது அந்தப் பதிவின் குறை; அதை எந்தக் கருவியாலும் நீக்க முடியாது. பழைய நாடாக்களிலிருந்து அவசரமாக எண்முறைக்கு மாற்றப்பட்ட திரைப்பாடல்களையும் கச்சேரிகளையும் விரும்பிக் கேட்பவர்கள் இதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நலம். அமைப்பு தெளிவடையத் தெளிவடைய அத்தகைய பதிவுகளின் கோளாறுகள் முன்பைவிடக் கூடுதலாகவே வெளிப்படும்.

அடுத்து, அதே மூன்று பதிவுகளை அதே கணினியிலிருந்து ஒரு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கடன் வாங்கிய ஹெட்போனாக இருந்தாலும் போதும். குரலை அமுக்கும் முழக்கம் ஹெட்போனில் மறைந்துவிட்டால், குறை ஸ்பீக்கரிலோ அறையிலோ இருக்கிறது. கோப்பும் மென்பொருளும் குற்றமற்றவை. அதே கூச்சம் ஹெட்போனிலும் தொடர்ந்தால் பதிவையும் கோப்பையும் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிடங்களில் முடிகிற இந்தச் சோதனை, தேட வேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பிழை எங்கே மிகுதி

எந்தப் படியையும் தொடங்குமுன் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது பயன்தரும். ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட எளிய விலை டேக் ஒன்று, காது கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற அளவு) வரையிலான பரப்பில் அரை டெசிபெல்கூட (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒலியைத் தரும். அதன் உருத்திரிபு, அதாவது அலையின் வடிவம் சிதைவது, நூற்றில் ஒரு பங்கு சதவிகிதத்துக்கும் கீழே இருக்கும். தன் ஆற்றல் எல்லையைத் தாண்டாதவரை ஆம்ப்ளிஃபயரும் ஏறத்தாழ அப்படியே. ஸ்பீக்கரோ காகிதத்தையும் துணியையும் காந்தத்தையும் கொண்டு காற்றைத் தள்ளும் இயந்திரம். நல்ல ஸ்பீக்கரிலேயே மூன்று டெசிபெல் அளவுக்கு மேடுபள்ளங்கள் இயல்பு. உரத்த பாஸ் (தாழ்ந்த) ஒலியில் உருத்திரிபு ஒரு சதவிகிதத்தைத் தாண்டுவதும் இயல்பு. அறை இவை அனைத்தையும் விஞ்சும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சாதாரண அறை ஒன்றில் உட்காரும் இடத்தைப் பொறுத்துப் பத்து முதல் இருபது டெசிபெல் வரை ஏறி இறங்குவதை அளந்து பார்க்கலாம்.

ஆகவே, வேறு சான்று எதுவும் கையில் இல்லாதபோது, சந்தேகத்தை அறையிலிருந்து தொடங்கி, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டேக், கம்பிகள் என்று கணினியை நோக்கிப் பின்னால் நகர்த்த வேண்டும். கடைகளில் பேச்சு பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. டேக்கையும் கம்பியையும் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாம். அறையை அப்படிக் கொடுக்க முடியாது.

கணினியில் முதலில் பார்க்க வேண்டியவை

கோப்பின் தரத்தைப் பாருங்கள். குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத நிலையில் அதன் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக் வடிவம் இதை எந்த இழப்புமின்றிச் சுருக்கி வைக்கிறது. 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளை மட்டுமே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்வது முறையல்ல. ஸ்ட்ரீமிங் செயலிகளில் தரத் தேர்வு "தானியங்கி" என்று இருந்தால், இணைய வேகம் குறையும்போது தரமும் சொல்லாமல் குறைந்துவிடும். கணினியில் அதை மிக உயர்ந்த நிலையில் நிலையாக வையுங்கள்.

விண்டோஸ் கணினியில் ஒலி அமைப்புக்குள் சென்று, டேக்கின் பண்புகளில் "என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்ற பகுதியை அணைத்துவிடுங்கள். மடிக்கணினி நிறுவனங்கள் தங்கள் சிறிய ஸ்பீக்கர்களுக்காகச் சேர்க்கும் பாஸ் கூட்டல், செயற்கைச் சுற்றொலி போன்றவை சில வேளைகளில் வெளி டேக்குக்கும் சேர்ந்து போய்விடுகின்றன. விண்டோஸின் ஒலிக்கலவை எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரியெடுப்பு வீதத்துக்கு (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) மாற்றி அனுப்புகிறது. நீங்கள் கேட்பவை பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள் என்றால் அந்த வீதத்தையே தேர்ந்துவிடுங்கள். ஃபூபார்2000 போன்ற இசை ஓட்டும் மென்பொருளில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையைப் பயன்படுத்தினால் கலவையைத் தவிர்த்துக் கோப்பு அப்படியே டேக்குக்குப் போகும். இதனால் ஒலி அடியோடு மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் மணி ஒலிக்காது என்பதே இதன் பெரிய நன்மை.

பிறகு இணைப்புகள். இரு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் இணைந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பாஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் பரவிவிடும். பழைய மோனோ பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கலாகவோ கரகரப்பாகவோ இருந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் கம்பிகளை வலம் இடமாக மாற்றுங்கள். கோளாறு பக்கம் மாறினால் காரணம் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் அந்த ஸ்பீக்கரையோ அந்த மூலையையோ பார்க்க வேண்டும்.

ரீங்காரமும் சொடுக்கும்

இரைச்சல்தான் உங்கள் குறை என்றால் கண்டுபிடிப்பது எளிது. பாட்டு ஓடாமல் ஆம்ப்ளிஃபயரை வழக்கமான அளவில் வைத்து, டேக்கிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு மிக அருகில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் "ஸ்ஸ்" ஒலி ஆம்ப்ளிஃபயரின் இயல்பு. உட்காரும் இடத்திலிருந்தே அது கேட்டால் ஆம்ப்ளிஃபயரை மாற்ற நியாயம் இருக்கிறது. கம்பியை மீண்டும் செருகியதும் தாழ்ந்த ரீங்காரமோ, சுட்டியை நகர்த்தும்போது கீச்சொலியோ வந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஒலி அடங்கிவிட்டால் அது எர்த் இணைப்புகளுக்கு இடையே ஓடும் மின்னோட்டம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ரீங்காரமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில்தான் கேட்கும்.

இதற்குப் புதிய டேக் வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் கணினி, டேக், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து இயக்குங்கள். அதிலும் தீராவிட்டால் கணினிக்கும் டேக்குக்கும் இடையே மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டர், அல்லது கணினிக்கும் டேக்குக்கும் இடையே ஒளிவழி இணைப்பு, அல்லது இருபுறமும் பேலன்ஸ்டு இணைப்புள்ள (இரைச்சலைத் தள்ளுபடி செய்யும் இரட்டைக் கம்பி இணைப்பு) கருவிகள் என்ற வரிசையில் யோசிக்கலாம். சார்ஜரின் மூன்றாவது முனையை வெட்டிவிடுவது, எர்த் கம்பியைப் பிரித்துவிடுவது போன்ற யோசனைகளை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ரீங்காரம் நிற்கும், மின்சாரம் தாக்கும் ஆபத்து வந்து சேரும்.

விட்டுவிட்டு வரும் சொடுக்குகளும் வெட்டுகளும் வேறு வகை. அவை பெரும்பாலும் கணினி தரவைச் சரியான நேரத்தில் அனுப்பத் தவறுவதால் வருகின்றன. யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துக் கணினியின் துளையிலேயே நேராகச் செருகுவது, மென்பொருளில் பஃபரை (தரவை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடத்தை) கூட்டுவது, வைஃபை டிரைவரைப் புதுப்பிப்பது ஆகியவற்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அறை: அதிகம் மாறும் இடம், குறைந்த செலவு

நம் வீடுகளின் அறைகள் செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், டைல்ஸ் அல்லது கிரானைட் தரை, வெறும் கூரை என்று அமைந்தவை. கம்பளமும் மரச்சட்டச் சுவர்களும் உள்ள குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்படும் ஸ்பீக்கர் விமர்சனங்களை அப்படியே நம்பி வாங்கினால், அங்கே "துடிப்பானது" என்று பாராட்டப்பட்ட ஸ்பீக்கர் இங்கே காதைக் குத்தும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு "டிர்ர்" என்ற அதிர்வு தொடர்ந்தால், எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. குரல் தெளிவில்லை என்று புகார் சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பாஸ் ஒலியின் கணக்கு வேறு. ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. அந்த எண்ணை இரண்டு சுவர்களுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்தச் சுவர்களுக்கு இடையே முதலில் முழங்கும் அலைவெண் கிடைக்கும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 57 ஹெர்ட்ஸ், உயரவாக்கிலும் அதே 57 ஹெர்ட்ஸ். இரண்டு அளவுகள் ஒன்றாக அமைந்துவிட்டதால் அந்த ஒரு சுரத்தில் மட்டும் அறை இரட்டிப்பாக முழங்கும். அகலமும் உயரமும் பத்தடியாக உள்ள அறைகள் நம்மிடம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பாஸ் முழக்கம் ஏன் இவ்வளவு பொதுவான புகாராக இருக்கிறது என்பது விளங்கும். ஒரு லட்ச ரூபாய் டேக்கால் அந்த 57 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்ய முடியாது.

இடமாற்றத்தில் தொடங்குங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையுங்கள். ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் சிறிய பாகமான ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். மேசை மேல் வைத்திருந்தால் விளிம்புக்கு நகர்த்தி, சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பின்சுவரை ஒட்டிய நாற்காலியோ கட்டிலோதான் நீங்கள் உட்காரும் இடம் என்றால் பாஸ் எப்போதும் கூடுதலாகவே கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தாலோ நீளவாக்கு முழக்கம் முற்றிலும் மறைந்து, மெலிந்துபோகும். ஸ்பீக்கர்களுக்குப் பின்னுள்ள சுவரிலிருந்து நீளத்தில் ஐந்தில் மூன்று பங்கு தள்ளி உட்கார்ந்து பார்த்து, அங்கிருந்து முன்னும் பின்னும் அரையடி அரையடியாக நகருங்கள். ஸ்பீக்கருக்கும் அதன் பின்னுள்ள சுவருக்கும் உள்ள தூரமும் கணக்கில் சேரும்: 85 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தின்றுவிடும். தூரத்தை மாற்றினால் பள்ளமும் இடம் மாறும்.

எதிரொலிக்கு இனி வருவோம். நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியைப் பிடித்து நகரச் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடமே ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடம். அங்கே எதையும் வாங்கி ஒட்டுவதற்கு முன், வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு மாலை முழுவதும் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் புத்தக அலமாரியோ, பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒலியுறிஞ்சியோ அந்த இடத்துக்கு வரலாம். தரையில் ஒரு தடித்த ஜமக்காளமும் சன்னலில் கனத்த திரையும் குரலைத் தெளிவாக்கும். முட்டை அட்டைகளும் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். இவை எவையும் 57 ஹெர்ட்ஸைத் தொடாது. அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல்.

அந்த முழக்கத்துக்கு, குறிப்பிட்ட அலைவெண்களின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஈக்வலைசர் இருக்கிறது. கணினிவழி அமைப்பு மற்ற அமைப்புகளை விஞ்சுவது இந்த இடத்தில்தான், ஆனால் புதியவர்கள் இதைத்தான் கடைசியில் தெரிந்துகொள்கிறார்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற, தனித்தனியே அளந்து திருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி மைக் ஒன்று இருந்தால், உங்கள் அறையின் மேடுபள்ளங்களைப் படமாகவே பார்த்துவிடலாம். நான் யாருக்காவது முதற்செலவு என்று ஒன்றைச் சொல்வதாக இருந்தால் அது இந்த மைக்காகத்தான் இருக்கும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். அளந்த பிறகு, விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு மேடுகளை வெட்டலாம். இங்கே மூன்று எச்சரிக்கைகள். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். பத்து டெசிபெல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் அந்த இடத்தில் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும், பள்ளமும் நிரம்பாது. எங்காவது கூட்டியே ஆக வேண்டும் என்றால் மொத்த அளவை அதே அளவுக்குக் குறைத்துவிடுங்கள், இல்லையெனில் எண்முறையிலேயே ஒலி உடையும். மேலும், வாசாபி எக்ஸ்க்ளூசிவ், அதைப் போலவே விண்டோஸ் கலவையைத் தவிர்க்கும் ஆசியோ ஆகிய முறைகளில் இந்த மென்பொருள் வேலை செய்யாது. ஈக்வலைசரையும் "கோப்பு அப்படியே போக வேண்டும்" என்ற தூய்மையையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. என்னைக் கேட்டால் தூய்மையை விட்டுவிடலாம்.

வாடகை வீடு, கூட்டுக் குடும்பம், குழந்தை தூங்கும் அறை என்று எதையும் நகர்த்த இயலாத நிலை இருந்தால், அறையை முற்றிலும் விலக்கும் வழியாகிய நல்ல ஹெட்போனையே அடுத்த வாங்கலாகக் கொள்வது விவேகமானது. 300 ஓம் மின்தடையுள்ள சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றுக்கு மட்டும் கொஞ்சம் வலுவான ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

ஸ்பீக்கர்

இடத்தையும் ஈக்வலைசரையும் சரி செய்த பிறகும் அதே குறை எஞ்சினால், பணம் ஸ்பீக்கருக்குப் போவது நியாயம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல் நடத்திய மறைமுகக் கேட்புச் சோதனைகள், எந்த ஸ்பீக்கர் ஓடுகிறது என்று தெரியாத நிலையில் பெரும்பாலோர் ஒரே வகை ஸ்பீக்கரையே விரும்புகிறார்கள் என்று காட்டின: நேர்முகமாக மேடுபள்ளமற்ற ஒலி, பக்கவாட்டில் படிப்படியாக ஒழுங்காகக் குறையும் ஒலி. ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் அளந்து வரையும் "ஸ்பினோராமா" என்ற வரைபடம் அந்த ஆய்வின் வழியில் வந்ததே. வாங்க நினைக்கும் ஸ்பீக்கருக்கு அந்த வரைபடம் கிடைத்தால், பத்து விமர்சனங்களைப் படிப்பதைவிட அதைப் பார்ப்பது மேல். எதிரொலி மிகுந்த நம் அறைகளில் பக்கவாட்டு ஒலி ஒழுங்காக இருப்பது இன்னும் முக்கியம்.

குறை "பாஸ் போதவில்லை" என்பது மட்டுமே என்றால் ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், பாஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சேருங்கள். ஐந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பாகம்) கொண்ட புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸை ஒட்டியே இறங்கத் தொடங்கிவிடும். பாஸ் கிடாரின் தாழ்ந்த கம்பியோ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதே வரிசையில் அடுத்த பெரிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினால் கிடைப்பது ஐந்தாறு ஹெர்ட்ஸ்தான். சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு வழி உண்டு: அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாஸ் மிகுந்த பாட்டை ஓட்டிவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எங்கே பாஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்; ஆனால் இந்த முறை வேலை செய்கிறது.

ஆம்ப்ளிஃபயர்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபயரை மாற்ற நல்ல காரணம் ஒன்றே ஒன்று: ஆற்றல் போதாமை. இரைச்சலையும், தேவையான இணைப்புகள் இல்லாமையையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம். ஆற்றல் போதுமா என்பதை வாங்காமலே அறியலாம். ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் ஒலி, 85 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறத்தாழ 8 டெசிபெல் குறையும். ஸ்பீக்கர்கள் இரண்டு என்பதால் 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கு 80 டெசிபெல். 50 வாட் என்பது 17 டெசிபெல் கூடுதல் என்பதால் உச்சம் 97. சராசரியாக 75 டெசிபெலில் கேட்பவருக்கு, மேளம் ஓங்கி ஒலிக்கும் கணத்தில்கூட இது தாராளம். 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் இன்னும் 3 டெசிபெல் மட்டுமே கிடைக்கும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற 10 டெசிபெல், அதாவது 500 வாட், வேண்டும். 88 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரை வாங்குவது, இருக்கும் ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். உங்கள் கணக்கில் உச்சம் 90-க்குக் கீழே வந்து, உரத்த இடங்களில் ஒலி உடைவதும் கேட்டால், அப்போது ஆம்ப்ளிஃபயர்.

டேக், கோப்பு, கணினி, கம்பி

டேக்கை மாற்றுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் வசதி சார்ந்தவை: இருப்பதில் இரைச்சல் தீரவில்லை, பேலன்ஸ்டு வெளியீடு வேண்டும், ரிமோட் வேண்டும், தொலைக்காட்சியையும் இணைக்க வேண்டும். மடிக்கணினியின் சொந்த ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எளிய வெளி டேக் பயன்தரக்கூடும். அதன் பிறகு பத்து மடங்கு விலையுள்ள டேக்குக்குத் தாவுவதில் கேட்கத்தக்க பயன் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

குறுந்தகட்டின் தரத்தை விஞ்சும் உயர்தெளிவுக் கோப்புகளுக்கும் இதுவே. 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவுத் தட்டுகளின் ஒலியையும் அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிய ஒலியையும் வேறுபடுத்தச் சொன்னபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன. காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்வளவு வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சிறிய அளவில் வேறுபாடு தெரிவதாகக் கண்டார். ஒட்டுமொத்தமாகச் சரியான விடைகள் 52 சதவிகிதத்தைச் சற்றே தாண்டின. வேறுபாடு இருக்கலாம், ஆனால் அது உங்கள் நாற்காலியை அரையடி நகர்த்துவதால் வரும் வேறுபாட்டின் அருகில்கூட வராது.

கணினியின் வேகமோ நினைவகமோ ஒலியை மாற்றாது. மாற்றுவது அதன் விசிறிதான்: நள்ளிரவில் தம்பூராவின் தேய்ந்து மறையும் நாதத்தை அது மூடிவிடும். கணினியை மேசைக்குக் கீழோ அடுத்த அறைக்கோ நகர்த்த நீண்ட கம்பி போதும். ஸ்பீக்கர் கம்பிக்கு மின்சாமான் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியே போதும். மூன்று மீட்டர் ஓட்டத்தில் போகவரச் சேர்த்தும் அதன் தடை 0.05 ஓம் அளவுதான், எதிரே 8 ஓம் ஸ்பீக்கர்.

ஒப்பிட்ட பிறகு முடிவு

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது, சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். அரை டெசிபெல் வேறுபாட்டை யாரும் "உரப்பு" என்று சொல்லமாட்டார்கள், "தெளிவு" என்று சொல்வார்கள். டேக்கையோ ஆம்ப்ளிஃபயரையோ ஒப்பிடுவதாக இருந்தால், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த அளவில் ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டையும் ஒரு சதவிகிதத்துக்குள் சமன் செய்யுங்கள். ஒன்றில் 2 வோல்ட் என்றால் மற்றதில் 1.98-க்கும் 2.02-க்கும் இடையே இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்கு இந்த முறை பொருந்தாது; அவற்றை மைக் கொண்டு, இரைச்சல் வகைச் சோதனை ஒலியில் சமன் செய்ய வேண்டும். பிறகு இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றிவிட, எது ஓடுகிறது என்று 16 முறை சொல்லிப் பாருங்கள். 12 முறை சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மை என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அவ்வளவு சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 9 முறைதான் சரி என்றால், புதிய கருவியைத் திருப்பிக் கொடுப்பதில் உங்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

அதனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையிலேயே வாங்குங்கள். ஸ்பீக்கராக இருந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் அறையில் கேட்டுப் பார்க்க அனுமதிக்கும் கடையாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது. காலக்கெடு முடியும்வரை பழைய கருவியை விற்காதீர்கள். புதியதன் அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பில்லையும் பரணில் போட்டு வையுங்கள். பின்னாளில் அதையே விற்க நேர்ந்தாலும், பெட்டியோடு இருக்கும் கருவிக்குப் பழைய பொருள் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது.